அளவு நாடாவும் ரிவர்ஸ்டன் காற்றும்

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக மேலேறும் வீதி, மிளகுக் கொடிகளையும் தேயிலை மலைகளையும் கடந்து, வளைந்து வளைந்து ரிவர்ஸ்டன் கணவாயை அடைகிறது. அங்கே வண்டியை விட்டு இறங்கியதும் நம்மை முதலில் எதிர்கொள்வது காற்று. குடையைப் பறிக்கும், சேலைத் தலைப்பைப் பறிக்கும், பேச்சையும் பறித்துக்கொண்டு போகும். அந்தக் காற்றுக்கு அஞ்சித்தானோ என்னவோ, முகட்டிலுள்ள மரங்கள் ஆளுயரத்துக்குமேல் வளராமல் குனிந்தே நிற்கின்றன. சற்று முன்வரை வெயிலில் விளங்கிய மலை மறுகணம் மூடுபனிக்குள் மறைந்துவிடும். வெள்ளைக்காரர் முட்டிக்கையின் கணுக்களைக் கண்டு 'நக்கிள்ஸ்' என்று பெயரிட்ட அதே மலைத்தொடரைச் சிங்கள மக்கள் பனி சூழ்ந்தது என்ற பொருள்பட 'தும்பர' என வழங்குவது எத்தனை பொருத்தம் என்பதை அங்கே நின்றால்தான் உணர முடியும்.

வீதியிலிருந்து பிரிந்து தொலைக்காட்சிக் கோபுரத்தை நோக்கி ஏறும் பாதையில், என் சின்னம்மா மகளுடன் நான் நடந்துகொண்டிருந்தேன். அவள் என்னிலும் பத்து வயது இளையவள். இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்து, பத்தொன்பதாம் வயதில் கட்டுநாயக்கவுக்குப் போய், எட்டு ஆண்டுகள் ஆடைத் தொழிற்சாலையில் உழைத்துவிட்டுத் திரும்பியவள். அவள் ஆட்டுக்குட்டிபோல் முன்னே போனாள். நானோ ஐம்பது அடிக்கு ஒருமுறை நின்றேன். மூச்சு வாங்குவதற்காக மட்டுமன்று. ஒவ்வொரு முறையும் என் வலக்கைக் கட்டைவிரல் இடத்தோளுக்குப் போய், சட்டைக்குள் நழுவி இறங்கிய வாரைத் தூக்கிவிட்டு, பின்பு இடக்கை வலத்தோளுக்குப் போய் அதே வேலையைச் செய்துவிட்டு வந்தது. முப்பது ஆண்டுகளாகப் பழகிய செயல் ஆதலால், அதை நான் செய்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது.

அவள் ஒரு பாறைமேல் அமர்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அருகில் வந்ததும் சிரித்தாள்.

"அக்கா, நீங்க மலை ஏறுறதவிட அந்த வாரத் தூக்கி வுடுற வேலைதான் நெறைய பாக்குறீங்க. என்னா சைசு போடுறீங்க?"

சுற்றிலும் ஒருவரும் இல்லை. ஆயினும் நான் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தேன். பிறகு, ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்பவள்போல், "முப்பத்தாறு" என்றேன்.

"யாரு அளந்தது?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை.

வாசகர்களில் சிலர் இங்கே முகம் சுளிக்கக்கூடும். ஞாயிற்றுக்கிழமைத் தாளில் எழுதத்தக்க பொருளா இது என்று கேட்கக்கூடும். மூக்குக் கண்ணாடியைப் பற்றி எழுதினால் ஒருவரும் சுளிப்பதில்லை. காலைக் கடிக்கும் செருப்பைப் பற்றி எத்தனையோ நகைச்சுவைக் கட்டுரைகள் வந்துவிட்டன. நம் நாட்டுப் பெண்களிற் பெரும்பாலோர் பன்னிரண்டு, பதின்மூன்று வயது தொடங்கி நாள்தோறும் பத்து, பன்னிரண்டு மணி நேரம் உடலோடு ஒட்ட அணியும் ஓர் ஆடையைப் பற்றி மட்டும் நாம் பேசுவதில்லை. பாட்டிமார் அதைப் 'பாடி' என்றனர். பேத்திமார் 'பிரா' என்கின்றனர். இலக்கியம் கற்றோர் 'கச்சு' என்பர். பெயர் மூன்று இருந்தும், அதை வாய்விட்டுச் சொல்லிக் கடையில் கேட்கத் துணிவு ஒன்றுகூட இல்லை.

என் கதையையே சொல்கிறேன். என் முதல் மார்க்கச்சை அம்மா வாங்கி வந்தார். கடைக்காரர் கண்ணாலே அளந்து கொடுத்தாராம், அதுவும் என்னையன்று, என் அம்மாவை. பிறகு நானே வாங்கத் தொடங்கிய காலத்தில், கடையின் முன்பக்கம் துணி பார்ப்பதுபோல் நின்று, கூட்டம் குறைந்ததும் எண்ணை மட்டும் சொல்லி, செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தைப் பையின் அடியில் ஒளித்துக்கொண்டு வெளியேறுவேன். முதலில் முப்பத்திரண்டு, அது இறுக்கியதாகத் தோன்றவே முப்பத்துநான்கு, பிள்ளை பெற்றபின் முப்பத்தாறு. ஏன் முப்பத்தாறு என்றால், முப்பத்துநான்குக்கு அடுத்தது அதுதான். இவ்வளவே என் கணிதம். நானோ கணித ஆசிரியை!

தோள்வலி நாற்பதாம் வயதில் தொடங்கியது. கழுத்திலிருந்து தோள்மூட்டுவரை, ஈரத்துணியை முறுக்கிப் பிழிவதுபோன்ற ஒரு வலி. தைலம் தடவினேன். தலையணையை மாற்றினேன். ஒரு மருத்துவர் படம் எடுத்துப் பார்த்து எலும்பில் குறையில்லை என்றார். இன்னொருவர் கரும்பலகையில் கை உயர்த்தி எழுதுவதால் வருவது என்றார். பிறகு மார்பின் பக்கவாட்டிலும் நோவு கண்டபோது, வேறோர் அச்சம் என்னைப் பிடித்தது. அந்த அச்சத்தின் பெயரை எழுதத் தேவையில்லை; பெண்கள் அறிவர். நம் நாட்டில் 1996ஆம் ஆண்டு முதல் முப்பத்தைந்து வயதைக் கடந்த பெண்களுக்கென நடைபெற்றுவரும், 'சுவநாரி' எனச் சிங்களத்தில் வழங்கும் மகளிர் நலக் கிளினிக்குக்குப் போய்ச் சோதித்துக்கொண்டேன். கட்டி ஒன்றும் இல்லை. நிம்மதியோடு திரும்பினேன், வலியும் என்னோடு திரும்பியது. கட்டி தென்பட்டாலோ, தோல் குழிந்தாலோ, முலைக்காம்பில் கசிவு கண்டாலோ ஒருநாளும் தாமதியாமல் வைத்தியரிடம் போகவேண்டும் என்பதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். அளவு நாடா தீர்க்கக்கூடிய வலி வேறு, தீர்க்க முடியாத வலி வேறு.

கோபுரத்தடிவரை ஏறினோம். பனி வந்து மூடிக்கொண்டதால் எதையும் பார்க்கவில்லை. இறங்கி, மாலையில் சின்னம்மாவின் லயத்துக்கு வந்து சேர்ந்தோம். தேநீர் குடித்து முடிந்ததும், தங்கை கதவைச் சாத்தி, தையல் மெஷின் இழுப்பறையிலிருந்து டேப்பை எடுத்தாள்.

"கைய தொங்கவுடுங்க. மூச்ச உள்ள இழுத்துப் புடிக்காதீங்க. ஒங்க இஷ்டத்துக்கு நில்லுங்க."

முதலில் மார்புக்குக் கீழே, விலாவைச் சுற்றி, தரைக்குச் சமாந்தரமாக டேப்பைப் பிடித்து அளந்தாள். முப்பத்தொன்றே முக்கால் அங்குலம். அதை முப்பத்திரண்டு என்று கொண்டாள். பிறகு மார்பின் நடுவே, இறுக்காமல், முன்புறமாகச் சற்றே சாய்ந்து நிற்கச் சொல்லி அளந்தாள். முப்பத்தாறு. விரலை மடக்கி எண்ணினாள்.

"நாலு அங்குலம் வித்தியாசம். ஒண்ணுன்னா ஏ, ரெண்டுன்னா பீ, மூணுன்னா சீ, நாலுன்னா டீ. அக்கா, நீங்க முப்பத்திரண்டு டீ."

நான் நம்பவில்லை. டீ என்பது விளம்பரத்துப் பெண்களுக்கு உரியது என்பது என் எண்ணம். அவள் பொறுமையாக விளக்கினாள். அந்த விளக்கத்தை நான் இங்கே என் சொற்களில் தருகிறேன், ஏனெனில் இந்தச் சிறிய கணக்கு தெரியாததால்தான் என் தோள் பத்தாண்டுக்குமேல் வருந்தியது.

மார்க்கச்சின் அளவில் எண் ஒன்றும் எழுத்து ஒன்றும் உண்டு. எண் குறிப்பது விலாவைச் சுற்றிவரும் பட்டியின் நீளம். எழுத்துக் குறிப்பது கிண்ணத்தின் ஆழம். ஆனால் அந்த எழுத்து தனித்து நின்று எதையும் சொல்லாது. பட்டியின் அளவோடு ஒப்பிட்டே அதற்குப் பொருள். ஆகவே முப்பத்திரண்டு டீயின் கிண்ணமும், முப்பத்துநான்கு சீயின் கிண்ணமும், முப்பத்தாறு பீயின் கிண்ணமும் ஏறக்குறைய ஒரே கொள்ளளவு உடையவை. நான் இத்தனை காலம் அணிந்தது முப்பத்தாறு பீ. கிண்ணத்தில் பிழையில்லை. பட்டியோ எனக்கு நான்கு அங்குலம் தளர்ந்தது. வாங்கிய அன்றே கடைசிக் கொக்கியில் மாட்டுவேன். அப்படியும் அது முதுகில் மேலேறி நிற்கும். உண்மையில் மார்பின் பாரத்திற் பெரும்பங்கைத் தாங்கவேண்டியது விலாவைச் சுற்றிய பட்டியே. தோள்வார்கள் நிலைநிறுத்துவதற்கு மட்டுமே உதவுபவை. பட்டி தளர்ந்தால், அதன் வேலை முழுவதும் இரண்டு மெல்லிய வார்களின்மேல் விழுகிறது. வார்கள் தோளின்மேல் விழுகின்றன. தோள் வைத்தியரிடம் போகிறது.

மார்பகத்தினுள் தன்னைத் தானே தூக்கி நிறுத்தும் தசை எதுவும் கிடையாது. தோலும், உள்ளே வலைபோல் ஊடாடும் மெல்லிய நார்களுமே அதைத் தாங்குகின்றன. ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர் அவற்றை விவரித்து 1840இல் நூல் வெளியிட்டார். இன்றும் அவை அவர் பெயராலேயே வழங்குகின்றன. போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தார் ஓடும் பெண்களை ஆராய்ந்தபோது, மார்பகம் மேலும் கீழுமாக மட்டும் அசைவதில்லை, எட்டு என்ற எண்ணை வரைவதுபோல் எல்லாத் திசையிலும் அசைகிறது என்று கண்டனர். இதற்கெல்லாம் ஈடுகொடுக்க வேண்டிய ஆடையை நாம் கடைக்காரர் கண்ணளவில் வாங்குகிறோம்.

இதில் நான் மட்டும் பேதையல்ல என்பது பிற்பாடு தெரிந்து சற்று ஆறுதலாக இருந்தது. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரில் பதினெட்டு முதல் இருபத்தாறு வயதுவரையான 30 பெண்களை ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட கட்டுரையொன்று, அவர்களில் நூற்றுக்கு 80 பேர் தவறான அளவை அணிந்திருந்தனர் என்கிறது. அங்கே நிலைக்கண்ணாடி பதித்த அறையும், அளந்துகாட்ட ஊழியரும் உள்ள கடைகள் உண்டு. முதுகுவலிக்கும் மார்பின் அளவுக்கும் நேரான தொடர்பு அந்த ஆய்வில் தென்படவில்லை என்பதையும் நேர்மைக்காகக் குறிப்பிடுகிறேன். எல்லா வலிக்கும் இதுவே காரணம் என்று நான் வாதிட வரவில்லை. என் தோளைப் பற்றி மட்டுமே பேசுகிறேன். மார்க்கச்சு அணிவதால் புற்றுநோய் வரும் என்று 1995இல் அமெரிக்காவில் ஒரு நூல் வெளிவந்து பலரைக் கலங்கடித்தது. சியாட்டில் நகர ஆய்வாளர் 2014இல் நோயுற்ற பெண்களையும் நோயற்ற பெண்களையும் ஒப்பிட்டு, அத்தகைய தொடர்பு எதுவும் இல்லை என்று காட்டினர். ஆயினும் அந்த வதந்தி இன்னும் நம் திருமண வீடுகளில் உலவிக்கொண்டுதான் இருக்கிறது.

இந்த ஆடைக்கு வயது அதிகமில்லை. நம் பழைய கச்சு கட்டுவது, தைத்து அளவெடுப்பதன்று. மேலைநாட்டிலோ பெண்கள் விலா நெரியும்படி இறுக்கிய கவசத்துள் நெடுங்காலம் கிடந்தனர். பாரிஸில் எர்மினி கடோல் என்ற அம்மையார் 1889இல் அந்தக் கவசத்தை இரண்டாகப் பிரித்தார். நியூயார்க்கில் மேரி ஃபெல்ப்ஸ் ஜேக்கப் என்ற இளம்பெண், நடன விருந்துக்குப் புறப்படும் வேளையில், கைக்குட்டை இரண்டையும் நாடாவையும் சேர்த்துத் தைத்து அணிந்துகொண்டார். 1914 நவம்பரில் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். பின்னர் அவ்வுரிமையை 1,500 டொலருக்கு விற்றுவிட்டார். வாங்கியவர்கள் அதைக்கொண்டு ஈட்டிய பொருளுக்கு அளவில்லை. கிண்ணத்துக்கு எழுத்துச் சூட்டும் வழக்கம் 1930களில் வந்தது. அமெரிக்காவில் வெர்மோன்ட் மாநிலத்தில் 1977ஆம் ஆண்டு மூன்று பெண்கள், ஆண் விளையாட்டு வீரர் அணியும் உள்ளாடை இரண்டை வெட்டி ஒட்டி, ஓடுவதற்கென முதல் மார்க்கச்சை உண்டாக்கினர். சந்திரனில் மனிதன் கால் வைத்து எட்டு ஆண்டுகள் கழித்து!

நம் பக்கத்து வரலாறு இதைவிடக் கசப்பானது. நாஞ்சில் நாட்டில் மார்பை மறைக்கும் உரிமைக்காகவே நாடார் குலப் பெண்கள் பல ஆண்டுகள் அடிபட்டு, துணி கிழிக்கப்பட்டு, 1859இல்தான் திருவிதாங்கூர் அரசிடமிருந்து குறைபட்டதோர் அனுமதியைப் பெற்றனர். அதிலும் மேற்சாதிப் பெண்களைப்போல் உடுத்தக்கூடாது என்று நிபந்தனை இருந்தது. நான் நின்ற இந்த மாத்தளை மண்ணும் உட்பட்டிருந்த கண்டி இராச்சியத்தில், சாதியடுக்கின் அடியில் வைக்கப்பட்ட பெண்கள் இடுப்புக்குமேல் உடுத்தக்கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தது. மறைக்கலாமா என்பதே வழக்காயிருந்த இடத்தில், பொருந்துகிறதா என்ற கேள்வி எழ நாள் பிடித்ததில் வியப்பென்ன?

ஆனால் ஒரு வியப்பு மிச்சமிருக்கிறது. உலகத்துப் பெண்கள் அணியும் நேர்த்தியான மார்க்கச்சுகளில் ஒரு பகுதி நம் தீவில் தைக்கப்படுகிறது. கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் 1978இல் திறக்கப்பட்டது. 1992இல் ஜனாதிபதி பிரேமதாச இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தைத் தொடங்கி, கிராமங்களுக்கு மெஷின்களைக் கொண்டுசென்றார். அமலீன் சகோதரர் மூவர் 1987இல் தொடங்கிய மாஸ் நிறுவனம் உள்ளாடையிலேயே சிறப்புத் தேர்ச்சி பெற்று, பெரும் மேலைநாட்டு நிறுவனங்களுக்குத் தைத்துக் கொடுத்து வளர்ந்தது. கிளிநொச்சி அறிவியல் நகரில் போருக்குப்பின் எழுந்த அதன் தொழிற்சாலைகளுக்கு 'விடியல்', 'வானவில்' என்று தமிழ்ப் பெயர்கள். 2005இல் உலக ஆடை வணிகத்தில் பங்கீட்டு முறை ஒழிந்தபோது நம் தொழில் அழியாமல் தப்பியதற்கு, எளிதில் எவராலும் தைக்க முடியாத இந்த நுண்ணாடையில் பெற்ற தேர்ச்சியும் ஒரு காரணம். அந்நிறுவனமே தெற்காசியப் பெண்களின் உடலமைப்பை மனத்திற்கொண்டு 'அமாந்தே' என்ற பெயரில் சொந்தச் சரக்கை 2007இல் இந்தியாவில் விற்கத் தொடங்கியது. 2021இல் அந்தப் பெயர் ரிலையன்ஸ் கைக்குப் போயிற்று.

என் தங்கையின் எட்டு ஆண்டுகளும் அப்படிப்பட்ட மெஷின் வரிசையொன்றிலேயே கழிந்தன. எத்தனை மார்க்கச்சு தைத்திருப்பாய் என்று கேட்டேன். அவள் கூறிய விடை என்னைச் சிறிது நேரம் மௌனமாக்கிற்று.

"ஒண்ணுகூட தச்சதில்ல அக்கா."

ஒரு மார்க்கச்சில் இருபதுக்கு மேற்பட்ட துண்டுகள். கிண்ணத்தை ஒருத்தி இணைப்பாள். கம்பிக் குழாயை ஒருத்தி வைப்பாள். இலாஸ்டிக்கை ஒருத்தி இழுத்துப் பிடித்துத் தைப்பாள். அவளுக்கு விதிக்கப்பட்டது பின்புறக் கொக்கித் துணி. எட்டு ஆண்டும் அதுவே. மணிக்கு இத்தனை என்று டார்கெட். தலையை நிமிர்த்தினால் அடுத்தவள் கை சும்மா நிற்கும். இலட்சக்கணக்கான பெண்களின் முதுகில் கொக்கி மாட்டியவள், முழுதாக ஓர் ஆடையை மடியில் வைத்துப் பார்த்தது, தரப் பரிசோதனை மேசைக்குத் தற்காலிகமாக மாற்றப்பட்ட சில மாதங்களில்தான். அளவுக் கணக்கை அப்போதுதான் பெட்டிகளின் சீட்டுகளைப் பார்த்து அவளாகவே கற்றுக்கொண்டாள். "அந்தச் சீட்டுல இருந்த சைசு ஒண்ணும் நம்ம இரத்தோட்டைக் கடையில இருந்ததில்ல" என்றாள்.

அது உண்மையே. மறுநாள் மாத்தளையில் மூன்று கடை ஏறி இறங்கினேன். இம்முறை ஒளிந்து நிற்கவில்லை, "முப்பத்திரண்டு டீ இருக்கிறதா?" என்று தெளிவாகக் கேட்டேன். முதற் கடைப் பையன் காது சிவந்து உள்ளே ஓடிவிட்டான். இரண்டாம் கடையில் எண் மட்டும் உண்டு, எழுத்தே இல்லை. மூன்றாம் கடையில் ஒரு பெண், "முப்பத்திரண்டுன்னா சின்ன உடம்பு, டீ எப்படி வரும் டீச்சர்?" என்று என்னிடமே வாதாடினாள். நேற்று மாலைவரை நானும் அப்படித்தானே எண்ணியிருந்தேன்! கண்டிக்குப் போனேன். அங்கும் முப்பத்திரண்டு டீ கிடைக்கவில்லை. முப்பத்துநான்கு சீ கிடைத்தது. தங்கை சொல்லி அனுப்பியபடி, அணிந்து பார்த்தே வாங்கினேன்: கிண்ணத்தின் மேல்விளிம்பில் பிதுங்கலும் இல்லை, சுருக்கமும் இல்லை, நடுத்துண்டு நெஞ்செலும்பில் படிந்தது, அடிக்கம்பி மார்பின்மேல் ஏறாமல் அதைச் சுற்றி நின்றது. பட்டி மட்டும் இரண்டு அங்குலம் கூடுதல்.

அந்த இரண்டு அங்குலம் யாருடைய துறை என்று சொல்லவும் வேண்டுமோ? பொட்டலத்தைப் பிரித்த மாத்திரத்தில் தங்கையின் முகத்தில் ஒரு களை வந்தது. கொக்கித் துணி இரண்டையும் தையல் பிரித்து எடுத்தாள். பக்கத்துக்கு ஓர் அங்குலம் வெட்டினாள். வீட்டு மெஷின் நேர்த்தையல் மட்டுமே போடும். தொழிற்சாலையில் இருந்த கோணல்மாணல் தையலை அது அறியாது. நேர்த்தையல் போட்டால் இலாஸ்டிக் இழுபடும்போது நூல் அறும். ஆகவே கையூசியால், பட்டியை இழுத்துப் பிடித்து, நெருக்கமாக மூன்று வரி தைத்தாள். அரை மணி நேரம் ஆயிற்று. "இதுக்கு அங்க எனக்கு எத்தனை செக்கன் தெரியுமா?" என்று கேட்டுத் தானே சிரித்துக்கொண்டாள். புதிதாய் அணிவதை முதற் கொக்கியிலேயே, அதாவது ஆகத் தளர்ந்ததிலேயே மாட்டவேண்டுமாம். நாளடைவில் இலாஸ்டிக் தளரத் தளர அடுத்த கொக்கிக்கு மாறிக்கொள்ளலாம். இரண்டு விரல் நுழையும் இறுக்கம் போதும்.

நான் அணிந்துகொண்டு வெளியே வந்தபோது, சின்னம்மா வாசற்படியில் கால் நீட்டி அமர்ந்திருந்தார். அறுபதைக் கடந்தும் கொழுந்து எடுக்கப் போகிறவர். நெற்றியில் கயிறு மாட்டி, முதுகில் கொழுந்துப் பை தொங்க, இடுப்பில் படங்கு சுற்றி, நாள் முழுதும் கை இரண்டையும் முன்னே நீட்டிச் சரிவில் நிற்கும் வேலை. அவரிடம், "சின்னம்மா, நீங்கள் வேலைக்குப் போகும்போது என்ன அணிவீர்கள்?" என்று கேட்டேன். வாழ்நாளில் முதன்முறையாகக் கேட்டேன்.

"வேலைக்கு ஒண்ணும் போடுறதில்ல பொண்ணு. வேர்வையும் மழையுமா நனைஞ்சா அந்த வாரு தோள அறுக்குது. கோயிலுக்குப் போறப்ப மட்டுந்தான் போடுவேன். மலையில எல்லாருமே அப்படித்தான்."

சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. எனக்கு என் பாடசாலை மைதானம் நினைவுக்கு வந்தது. தரம் எட்டில் மான்போல் ஓடிய பெண்பிள்ளைகள் தரம் பத்தில் மரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். "சோம்பேறிகள்" என்று நான் எத்தனை முறை கடிந்திருக்கிறேன்! போர்ட்ஸ்மத் ஆய்வாளர் 2016இல் பிரித்தானியப் பள்ளி மாணவியர் 2,089 பேரிடம் கேட்டு வெளியிட்ட கணக்கில், நூற்றுக்கு 46 பேர் மார்பு பற்றிய சங்கடம் தங்கள் விளையாட்டைப் பாதித்தது என்று கூறியிருக்கின்றனர். எங்கள் மைதானத்தில் அந்தக் கேள்வியை எவரும் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டியவள் நான்.

"அந்த டேப்ப இங்க கொண்டா," என்றார் சின்னம்மா திடீரென்று. "எனக்கு என்னா நம்பருன்னு பாரு."

கதவு மறுபடியும் சாத்தப்பட்டது. அவருக்கு வந்த அளவை எழுதுவது முறையன்று. கம்பி இல்லாமல், அகன்ற வாருடன், வியர்வை உறிஞ்சும் பருத்தித் துணியில், முன்புறம் கொக்கி வைத்துத் தைக்கலாமென்று தங்கை ஒரு காகிதத்தில் வரைந்தாள். முன்கொக்கி எதற்கென்றால், சின்னம்மாவின் கை இப்போது முதுகுக்குப் பின்னே போவதில்லை. முதல் இரண்டு தடவை துணி பாழாயிற்று. கிண்ணத்துக்கு வைத்த மடிப்பு ஒருபக்கம் கூராக நின்றது. மூன்றாவது தேறியது என்று தொலைபேசியில் சொன்னாள். முழு ஆடையாக அவள் தைத்த முதலாவது அதுதான். அடுத்த வாரம் லயத்தில் நாலு வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டார்களாம், டேப் பிடிக்க.

நான் இரண்டு மாதம் கழித்து மறுபடியும் ரிவர்ஸ்டன் போனேன். தோள்வலி முற்றிலும் போய்விட்டது என்று எழுதினால் அது கதையாகிவிடும்; பாதிக்குமேல் குறைந்திருக்கிறது, குளிர்நாளில் எட்டிப்பார்க்கிறது. அன்று காற்று முன்னைவிடக் கடுமை. கோபுரத்தடியில் நின்றபோது பனி விலகி, கீழே பிட்டவலைப் புல்வெளியும் அதற்கப்பால் லக்கலைப் பக்கத்து மலைகளும் அரைக்கணம் தெரிந்தன. சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டேன். இரண்டு கையும் அதற்குக் கிடைத்தன.